மழைக்குள் ஒரு காலடி: யார் கண்ணிலும் படாமல் மிஷனை முடிப்பது எப்படி?

[திரையில்: இருண்ட கடற்கரை. எழுத்து ஏதும் இல்லை. பத்து விநாடிகளுக்கு மழையோசை மட்டும்.]

வணக்கம். சற்றுமுன் நீங்கள் கேட்ட பத்து விநாடி மழைக்குள் ஒருவர் திரையின் இடக்கோடியிலிருந்து வலக்கோடிவரை நடந்து கடந்திருக்கிறார். அவருடைய காலடி உங்கள் காதில் விழுந்திருக்காது. அந்தக் காலடியை எப்படி எடுத்து வைப்பது என்பதைத்தான் இன்று பொறுமையாகப் பார்க்கப்போகிறோம்.

நாம் எடுத்துக்கொண்டிருக்கும் விளையாட்டு, யூபிசாஃப்ட் நிறுவனம் 2005-இல் வெளியிட்ட ‘ஸ்ப்ளின்டர் செல்: கேயாஸ் தியரி’. அதன் முதல் மிஷனான ‘லைட்ஹவுஸ்’ பெரு நாட்டின் கடற்கரையில் நடக்கிறது. கிளர்ச்சிக் குழு ஒன்று பிடித்துவைத்திருக்கும் புரூஸ் மார்கன்ஹோல்ட் என்ற கணினி வல்லுநரைத் தேடி, சாம் ஃபிஷர் என்ற உளவாளி மழை கொட்டும் ஓர் இரவில் தனியாகக் கரையேறுகிறார். குகை, கூடாரங்கள், பழைய கோட்டை, கடைசியில் கலங்கரை விளக்கம் என்று வழி மேலேறிக்கொண்டே போகிறது.

இத்தனை பழைய விளையாட்டை ஏன் எடுத்தேன் என்று கேட்பீர்கள். பின்னால் வந்த ஸ்டெல்த், அதாவது ஒளிந்து ஆடும், விளையாட்டுகளில் பலவும் சுவருக்கு அப்பால் நிற்கும் காவலரைக்கூட வண்ணம் பூசிக் காட்டிவிடுகின்றன. பார்த்துப் பார்த்து நடந்தால் போதும், யோசிக்க வேண்டியதில்லை. கேயாஸ் தியரி திரையின் ஓரத்தில் இரண்டு மீட்டர்களை மட்டும் வைத்துவிட்டு, மற்றதை நம் கண்ணுக்கும் காதுக்கும் விட்டுவிடுகிறது. ஒரு மீட்டர், நம் மீது எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று சொல்லும். இன்னொன்று, நாம் எவ்வளவு ஓசை எழுப்புகிறோம் என்று சொல்லும். இந்த இரண்டையும் படிக்கக் கற்றுக்கொண்டவர் இந்த வகையில் எந்த விளையாட்டைத் தொட்டாலும் திணறமாட்டார் என்பது என் நம்பிக்கை.

‘கண்ணில் படாமல் முடிப்பது’ என்றால் என்ன என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். எல்லாரையும் சத்தமில்லாமல் அடித்து வீழ்த்திவிட்டு, பார்க்க ஆளே இல்லாத இடத்தில் நடந்துபோவதை நான் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. நாம் வந்துபோன பிறகும் அந்த இடம் நாம் வராததுபோலவே இருக்க வேண்டும். காவலர் எல்லாரும் தத்தம் இடத்தில், தத்தம் அலுப்போடு நின்றுகொண்டிருக்க வேண்டும். மிஷன் முடிந்ததும் எத்தனை முறை அடையாளம் காணப்பட்டீர்கள், எத்தனை உடல்கள் கண்டெடுக்கப்பட்டன, எத்தனை அலாரங்கள் அடித்தன என்று விளையாட்டே கணக்குக் காட்டி, நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண்ணும் போடுகிறது. அந்த மூன்று வரிகளிலும் பூஜ்யம் வருவதே நம் குறி. 2002-இல் வந்த முதல் ஸ்ப்ளின்டர் செல்லில் பல மிஷன்கள் மூன்றாவது அலாரம் அடித்ததுமே முடிந்துவிடும். கேயாஸ் தியரி அப்படி வெளியே தள்ளுவதில்லை. அலாரம் அடித்தால் காவலர் கவசம் பூண்டு இன்னும் விழிப்போடு வருகிறார்கள், அவ்வளவுதான். தண்டனை இலகுவாகிவிட்டதால், ஒழுங்கை நாமே வகுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

[திரையில்: விசைத்தறிக் குடோன். தறிகள் ஓடும் ஓசை.]

இங்கே எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த விளையாட்டின் சூட்சுமம் எனக்குப் பிடிபட்டது அங்கேதான். சோமனூர்ப் பக்கம் எங்கள் வீட்டை ஒட்டியே தறிக்குடோன்; எட்டு விசைத்தறிகள். அவை ஓடும்போது பக்கத்தில் நிற்பவரிடம் பேசக்கூடக் காதருகே குனிய வேண்டும். அந்த இரைச்சலுக்கு நடுவே அப்பா வீட்டுக்குள் அமர்ந்து வரவுசெலவு எழுதிக்கொண்டிருப்பார். திடீரென்று பேனா நிற்கும். தலையைத் தூக்கி, “ஏழாவது தறி நின்னுபோச்சு, போய் என்னன்னு பாரு கண்ணு” என்பார். நான் ஓடிப்போய்ப் பார்த்தால், ஓட்டுகிற அண்ணன் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு, “தார் தீந்துபோச்சுங்க” என்று நூல் தீர்ந்த கட்டையை மாற்றிக்கொண்டிருப்பார். ஏழு தறிகளின் இடியோசையை அப்பாவின் காது கேட்டதாகவே எடுத்துக்கொள்ளாது. எட்டு, ஏழாகக் குறைந்தது மட்டும் உடனே கேட்டுவிடும்.

இந்த விளையாட்டின் காவலரும் அப்படித்தான். அவர் காதில் விழுவது வித்தியாசம். ஒலி மீட்டரை உற்றுப் பாருங்கள்.

[திரையில்: ஒலி மீட்டர் மட்டும் பெரிதாக.]

பட்டையாக ஏறி இறங்குவது நம் ஓசை. அதே மீட்டரில் தனியாக ஒரு குறி நிற்கிறதே, அது சுற்றுப்புறத்தின் ஓசை. நம் பட்டை அந்தக் குறிக்குக் கீழே இருக்கும்வரை எந்தக் காவலருக்கும் நாம் கேட்பதில்லை. வெளியே மழையும் அலையும் இருக்கும் இடத்தில் குறி உயரத்தில் நிற்கும். அங்கே ஓரளவு வேகமாகவே நடக்கலாம். குகைக்குள் நுழைந்து மழையோசை பின்தங்கியதும் குறி சரிந்துவிடும். சற்றுமுன் பாதுகாப்பாக இருந்த அதே நடை இப்போது காட்டிக்கொடுக்கும். புதிதாக ஆடுபவர்களில் பெரும்பாலோர் சிக்கிக்கொள்வது இந்த வாசலில்தான். வெளியே பழகிய வேகத்தை உள்ளேயும் கொண்டுபோகிறார்கள். குகையின் வாயிலில் ஒரு நொடி நின்று, குறி எங்கே இறங்கியிருக்கிறது என்று பார்த்துவிட்டு அடுத்த அடியை வையுங்கள். கணினியில் ஆடுபவர்களுக்கு மவுஸின் சக்கரமே நடையின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். விரல் எப்போதும் அதன் மேலேயே இருக்கட்டும்.

காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதும் கணக்கில் வரும். 1998-இல் லுக்கிங் கிளாஸ் ஸ்டுடியோஸ் உருவாக்கிய ‘தீஃப்’ இதை அழுத்தமாகக் கற்றுத்தந்தது. புல்லும் கம்பளமும் ஓசையை விழுங்கும், ஓடு பதித்த தரையும் இரும்புத் தளமும் ஒவ்வோர் அடியையும் ஊருக்குச் சொல்லும். லைட்ஹவுஸிலும் தேங்கிய தண்ணீரைச் சுற்றிப் போக இரண்டடி மண் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நகருங்கள். உயரத்திலிருந்து குதிப்பதைவிட விளிம்பைப் பிடித்துத் தொங்கி இறங்குவது எப்போதும் நல்லது.

வெளிச்சத்தைப் பற்றி இவ்வளவு விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. கண் அதைத் தானாகவே பழகிக்கொள்ளும். ஆனால் ஒரு தவற்றை மட்டும் சொல்லியாக வேண்டும். சாம் ஃபிஷரின் கைத்துப்பாக்கியோடு இணைந்த ஒரு கருவி, விளக்குகளையும் கேமராக்களையும் சிறிது நேரம் செயலிழக்கச் செய்யும். அது கையில் இருக்கிறதே என்று வழியில் கண்ட விளக்கையெல்லாம் அணைத்துக்கொண்டு போகிறார்கள். நம் ஊரில் விளக்கு போனால் முதலில் என்ன செய்வோம்? பக்கத்து வீட்டிலும் போய்விட்டதா என்று வாசலுக்கு வந்து எட்டிப் பார்ப்போம். தெருவே இருண்டிருந்தால் நிம்மதியாகத் திண்ணையில் உட்கார்ந்துவிடுவோம். நம் வீட்டில் மட்டும் போயிருந்தால்தான் டார்ச்சை எடுப்போம். காவலரும் டார்ச்சை எடுப்பது அப்போதுதான். வரிசையில் ஒரே ஒரு விளக்கு அணைந்தால் அவர் அதை நோக்கி நடந்து வருவார். ஆகவே விளக்கை அணைப்பதற்கு முன், அவர் அங்கே வருவதால் எந்த வழி நமக்குத் திறக்கிறது என்று யோசித்திருக்க வேண்டும்; இருட்டு வேண்டும் என்பதற்காக மட்டும் அணைக்கக் கூடாது.

[திரையில்: குகையிலிருந்து வெளியே. மழையில் கூடாரங்கள். உள்ளே எரியும் விளக்கால் துணியில் ஓர் ஆளின் நிழல்.]

இந்தக் கூடாரங்களின் அருகே கொஞ்ச நேரம் தங்குவோம். மிஷன் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. உள்ளே விளக்கு எரிவதால் இருப்பவரின் நிழல் துணியில் தெளிவாக விழுகிறது. அவர் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறார் என்பதை நாம் வெளியே இருளில் அமர்ந்தபடியே படிக்கலாம். கத்தியால் துணியைக் கிழித்து உள்ளே நுழையவும் விளையாட்டு இடம் தருகிறது. நான் அதைச் செய்வதில்லை. கிழிந்த துணி தானாகத் தைத்துக்கொள்ளாது; நாம் போன பின்னும் அந்த இடம் பழையபடி இருக்க வேண்டும் என்ற நம் வரையறைக்குள் அது அடங்காது.

இங்கே செய்ய வேண்டியது அமர்ந்திருப்பது. சுற்றி வரும் காவலருக்கு ஒரு பாதை உண்டு. பாதையில் அவர் நிற்கும் இடங்களும் உண்டு. ஒரு சுற்றை முழுதாகப் பாருங்கள்: அவர் எங்கெங்கே போகிறார் என்பது தெரியும். இன்னொரு சுற்றையும் நகராமல் பாருங்கள்: எங்கே எவ்வளவு நேரம் நிற்கிறார், திரும்பும்போது எந்தப் பக்கமாகத் திரும்புகிறார் என்பது தெரியும். வாய்க்குள் எண்ணிக்கொள்ளுங்கள். பென்சிலும் நோட்டும் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது; எங்கள் வீட்டு நோட்டில் ஒரு பக்கம் கெஜக்கணக்கும் மறுபக்கம் காவலர் நடைக்கணக்குமாக இருந்தது. மூன்றாவது சுற்றில் எழுந்து நடக்கும்போது உங்களுக்குப் பதற்றமே இருக்காது, ஏனெனில் அடுத்து என்ன நடக்கும் என்பது உங்களுக்கு முன்பே தெரியும்.

இரண்டு காவலர் பேசிக்கொண்டிருந்தால் காது கொடுத்துக் கேளுங்கள். இந்த விளையாட்டில் அவர்கள் பேச்சு வெறும் அலங்காரம் இல்லை. சில சமயம் வழியைப் பற்றியே பேசுகிறார்கள். ஆனால் அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே கடந்துவிடுவது நல்லது. பேச்சு முடிந்ததும் இருவரும் கிளம்பிவிடுவார்கள், எந்தத் திசையில் என்று நமக்குத் தெரியாது.

இனி, எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒருமுறை நடக்கத்தான் போகிறது: காவலர் நின்று, “யார் அங்கே?” என்கிறார்.

[திரையில்: காவலர் திரும்புகிறார். இசை மாறுகிறது. படம் உறைகிறது.]

இசை மாறுவதைக் கவனித்தீர்களா? பிரேசிலில் பிறந்த இசையமைப்பாளர் ஆமோன் டோபின் அமைத்த இசை, காவலரின் மனநிலை ஏற ஏறத் தானும் இறுகும். அது நமக்குக் கிடைக்கும் மூன்றாவது மீட்டர். இந்தக் கட்டத்தில் காவலர் நம்மைப் பார்த்துவிடவில்லை, ஐயப்படுகிறார், அவ்வளவே. ஆனால் கேட்டவுடன் நம் விரல் ஓட்டத்தை அழுத்தத் துடிக்கும். ஓடினால் ஐயம் உறுதியாகிவிடும். அவர் தேடி வரப்போவது ஓசை எழுந்த புள்ளிக்கு. நாம் இப்போது எங்கே இருக்கிறோம் என்பது அவருக்குத் தெரியாது. ஆகையால் மிக மெதுவாக, குனிந்தபடி, அந்தப் புள்ளியை விட்டு நான்கைந்து அடி விலகி, கறுத்த இருளில் அசையாமல் இருங்கள். அவர் வருவார், பார்ப்பார், முணுமுணுத்துவிட்டுத் திரும்புவார். திரும்பிய பிறகும் உடனே எழ வேண்டாம். இசை தளரும்வரை காத்திருங்கள்.

இதைப் புரிந்துகொண்டால், அதே பழக்கத்தை நாம் கருவியாகவும் பயன்படுத்தலாம். சாம் ஃபிஷரால் விசிலடிக்க முடியும். வழியை மறித்து நிற்கும் காவலரை, அவர் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு மூலைக்கு விசிலால் அழைத்துவிட்டு, மறுபக்கமாகச் சுற்றிப் போகலாம். ஒரே ஆளிடம் இரண்டு முறை செய்வது எனக்கு உடன்பாடில்லை.

ஒளிந்து ஆடும் இந்த முறை பிறந்த கதையிலும் இதே பொறுமை இருக்கிறது. 1987-இல் எம்எஸ்எக்ஸ்2 கணினிக்காக ஹிடேயோ கோஜிமா ‘மெட்டல் கியர்’ விளையாட்டை உருவாக்கியபோது, திரையில் ஒரே நேரத்தில் பல வீரர்களையும் குண்டுகளையும் காட்ட அந்த இயந்திரத்தால் முடியவில்லை. நிறுவனம் சண்டை விளையாட்டு கேட்ட இடத்தில், சண்டையைத் தவிர்க்கும் விளையாட்டை அவர் தந்தார்.

சேவ் செய்வதை, அதாவது ஆட்டத்தை அந்த நிலையிலேயே பதிந்துவைப்பதைப் பற்றி ஒரு சொல். கணினியில் எந்த இடத்திலும் சேவ் செய்ய முடியும் என்பதால், அடிக்கு ஒரு சேவ் போட்டு ஊர்ந்து முடிப்பவர்கள் உண்டு. நான் தடுக்கவில்லை, ஆனால் காவலர் ஐயத்தோடு இருக்கும்போது மட்டும் சேவ் செய்யாதீர்கள், அந்த நிலையிலேயே மாட்டிக்கொள்வீர்கள். பிடிபட்டதும் உடனே பழைய சேவுக்கு ஓடவும் வேண்டாம். அரை நிமிடம் அப்படியே விட்டுப் பாருங்கள். எந்தக் கதவிலிருந்து யார் வருகிறார், எந்த மூலையை முதலில் தேடுகிறார் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும். அமைதியாக ஆடும்போது அது ஒருநாளும் கண்ணில் படாது.

[திரையில்: கலங்கரை விளக்கம். பிறகு மதிப்பெண் பக்கம்.]

இந்த மிஷனில் மூன்று பூஜ்யங்களும் எனக்கு முதன்முதலாக வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மற்ற நாள்களில் தறியோசையில் விளையாட்டின் மழையே எனக்குக் கேட்டதில்லை. கண்ணை மட்டும் நம்பி ஆடி, குகைக்குள் திரும்பத் திரும்ப மாட்டியிருக்கிறேன். அன்று குடோன் பூட்டியிருந்தது. குகையில் சொட்டும் நீரும், கூடாரத்துத் துணியில் விழும் மழையும், காவலரின் பூட்ஸ் ஓசையும் தனித்தனியாகக் கேட்டன. கலங்கரை விளக்கத்தின் மேலே ஏறி முடித்துவிட்டு, மதிப்பெண் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேனோ தெரியவில்லை. பக்கத்து அறையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

“ஏன் கண்ணு, சத்தத்தையே காணோம்?”