மழையில் நனைந்து பார்த்தது

நேயர்களுக்கு வணக்கம். சுரங்கம் என்றதும் இருட்டுக்குள் இறங்குவதைத்தான் பலரும் நினைப்பீர்கள். நான் வேலை பார்த்ததெல்லாம் திறந்தவெளிச் சுரங்கங்களில். மேல்மண்ணை அள்ளி ஒரு பக்கம் மலையாகக் குவித்துவிட்டு, அடியில் இருப்பதை எடுப்பார்கள். அங்கே வாய்க்கால், வண்டிப்பாதை, வண்டல் குட்டை இவற்றை ஆய்வு செய்வது என் வேலை. கலங்கிய மழைத் தண்ணீர் குட்டையில் தங்கி, மண்ணை அடியில் விட்டுவிட்டு வெளியே போக வேண்டும். அதுதான் ஏற்பாடு.

ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். நடுவில் மறுபடியும் சொல்வேன், கோபிக்காதீர்கள். மழை பெய்யும்போது போக வேண்டும், ஜீப்பை விட்டு இறங்கி நடக்க வேண்டும். வெயில் நாளில் எல்லா வாய்க்காலும் நல்ல வாய்க்கால்தான்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு சுரங்கத்தில் குட்டையைத் தாண்டிப் போகிற தண்ணீர் செம்மண் குழம்பாகவே இருந்தது. குட்டை போதவில்லை, பெரிதாக வெட்ட வேண்டும் என்றார்கள். எஸ்டிமேட்கூடப் போட்டாகிவிட்டது. நானும் இரண்டு முறை போனேன், இரண்டு முறையும் நல்ல வெயில். கரையில் நின்று தலையாட்டிவிட்டு வந்தேன். மூன்றாவது முறை மழையில் மாட்டிக்கொண்டேன். சரி, நனைந்தது நனைந்தாகிவிட்டது என்று தண்ணீர் வந்த வழியே மேலே ஏறினேன்.

வாய்க்காலில் ஒரு இடம் வரைக்கும் கலங்கல். அதற்கு மேலே ஓரளவு தெளிவு. கலங்கல் பக்கவாட்டில், பாதையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. போய்ப் பார்த்தால், பாதையோரம் நெடுக ஒரு சாண் உயரத்துக்கு மண்வரப்பு. மண்பாதையைச் சமப்படுத்தும் கிரேடர் வண்டி பாதையைச் சீவும்போது அதன் கத்தியின் நுனியில் ஒதுங்குமே, அந்த மண். பாதையை என்னவோ நடுவில் உயர்த்தி ஒழுங்காகத்தான் போட்டிருந்தார்கள். தண்ணீர் இரண்டு ஓரமும் அங்கங்கே வடிந்திருக்க வேண்டும். வரப்பு மறித்ததால் பாதையோடு பாதையாக அரை கிலோமீட்டர் ஓடி, வரப்பு உடைந்த ஒரே இடத்தில் மொத்தமாக விழுந்து, இடுப்பளவுக்கு மண்ணை அறுத்திருந்தது. குட்டைக்கு வந்த மண்ணெல்லாம் அங்கிருந்துதான்.

கிரேடர் ஓட்டுநரிடம் கேட்டேன். "ரோட்டைச் சுத்தமாத்தானே சார் சீவியிருக்கேன்?" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஓரத்து மண்ணை என்ன செய்வது என்று அவருக்கு யாருமே சொன்னதில்லை. மறுநாள் அவரே வரப்பை வழித்தெடுத்தார், அறுத்த இடத்தில் கல் போட்டு நிரப்பினார்கள். எஸ்டிமேட் கோப்பிலேயே தூங்கிவிட்டது.

அப்புறம், பள்ளத்துப் பக்கம் இருக்கிற பாதுகாப்புக் கரையை எடுத்துவிடாதீர்கள், அது வேறு. சக்கரத்தில் பாதி உயரமாவது இருக்க வேண்டும் என்பது பல இடங்களில் நடைமுறை. மிகப் பெரிய டம்பர் லாரியின் டயரே சுமார் 4 மீட்டர் உயரம், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கரையிலும் தண்ணீருக்கு அங்கங்கே வழி விட வேண்டும்.

குட்டைதான் இருக்கிறதே, மண் வந்தால் வரட்டுமே என்பீர்கள். வாளித் தண்ணீரில் ஒரு பிடி மண்ணைக் கலக்கி வையுங்கள். மணல் உடனே அடியில் போய்விடும். களிமண் மறுநாளும் கலங்கலாகவே நிற்கும். ஸ்டோக்ஸ் என்பவர் 1851-லேயே இதற்குக் கணக்குச் சொல்லிவிட்டார். துகளின் விட்டம் பாதியானால் இறங்கும் வேகம் கால்வாசியாகிவிடும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இருக்கும் மணல், ஒரு மீட்டர் ஆழம் இறங்க 2 நிமிடம். அதைவிடப் பத்து மடங்கு சிறிய வண்டலுக்கு 3 மணி நேரம். இன்னும் பத்து மடங்கு சிறிய களித்துகளுக்கு 13 நாள், அதுவும் தண்ணீர் அசையாமல் நின்றால். எந்தக் குட்டையில் வெள்ளம் 13 நாள் அசையாமல் நிற்கும்? மண் கிளம்புகிற இடத்தில்தான் பிடிக்க வேண்டும். அந்த இடம் மழையில்தான் தெரியும். மறுபடியும் சொல்லிவிட்டேன், பாருங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் பாக்கி. குட்டையின் கரையைப் பற்றித்தான் நிறைய வைத்திருந்தேன். வேகமாகச் சொல்கிறேன். கரையடியில் கசிவு தெளிவாக இருந்தால் அளந்து குறித்துக்கொண்டு கவனித்து வரலாம். கலங்கலாக வந்தால் கரை உள்ளே கரைகிறது, கீழே இருப்பவர்களை அப்போதே விலக்க வேண்டும். கரையில் மரம் வளர விடாதீர்கள். பாதிக்கு மேல் வண்டல் ஏறினால் தூர் வாருங்கள்.

1972 பிப்ரவரி 26-ல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், பஃபலோ கிரீக் பள்ளத்தாக்கில் நிலக்கரிக் கழிவை நிறுத்தியிருந்த அணை மழையில் உடைந்து 125 பேர் இறந்தார்கள். அதற்கு 4 நாள் முன்புதான் ஆய்வாளர் ஒருவர் பார்த்துவிட்டு 'திருப்தி' என்று எழுதியிருந்தார். நான் அந்தச் சொல்லை அறிக்கையில் எழுதுவதில்லை. தண்ணீர் வழியும் கலிங்கு வாயில் இரண்டு மரக்கிளை, இடது கரையில் ஓர் எலிவளை, நேற்றிரவு மழை. இப்படித்தான் எழுதுவேன். விரல் ஒன்றாகிவிட்டது. வணக்கம்.