வேவர்லியின் ரெண்டு சக்கரமும் எதிரெதிரா சுத்துமா? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

ரெண்டு பக்கமும் துடுப்புச் சக்கரம் வச்சு ஓடுற நீராவிக் கப்பல் வேவர்லி பத்தி நான் பேசினதைக் கேட்டுட்டு ஒரு நேயர் எழுதியிருக்கார்: "ரெண்டு பக்கமும் துடுப்புச் சக்கரம் இருக்கே, ஒண்ணை முன்னாடியும் ஒண்ணைப் பின்னாடியும் சுத்தவிட்டா, நின்ன இடத்துலயே கப்பல் திரும்பிடாதா?" அருமையான கேள்வி. ரெண்டு நாளா மனசுல இதுதான் ஓடிட்டு இருக்கு.

திரும்பாது. ரெண்டும் ஒரே அச்சுல மாட்டினது, ரயில் பெட்டியோட சக்கர ஜோடி மாதிரி. அந்த அச்சுல மூணு கிராங்க், அதாவது முன்னும் பின்னும் போற அசைவைச் சுழற்சியா மாத்துற வளைவு. 24, 39, 62 அங்குல விட்டத்துல மூணு நீராவி சிலிண்டர் அதைச் சுத்தவைக்குது. பழைய இழுவைக் கப்பல்கள் சிலதுல சக்கரத்துக்கு ஒரு எஞ்சின்னு தனித்தனியா இருந்துச்சு. நீங்க சொல்றதை அதுங்க செய்யும். 1947ல ஸ்காட்லாந்தோட கிளைட் ஆத்துல ஓட ஆரம்பிச்ச இந்தப் பயணிகள் கப்பல் செய்யாது.

அப்போ திருப்புறது சுக்கான் மட்டும்தான். நான் திரும்பத் திரும்பச் சொல்றது இதுதானே: சுக்கான் மேல தண்ணி ஓடணும். புரொப்பெல்லர் கப்பல்ல விசிறி தள்ளுற தண்ணி நேரா சுக்கான்ல அடிக்கும். மெதுவாப் போனாலும் பிடி இருக்கும். இங்க சக்கரம் நடு உடம்புல, சுக்கான் வாலுல. வேகம் குறைஞ்சா சுக்கான் வெறும் பலகை. அதனால துறையை நெருங்கும்போது, பார்க்கிறவங்களுக்குப் பயமா இருக்கிற வேகத்துலயே வருவாங்க. மேல கேப்டன் இருக்கிற இடத்துல இருந்து, எஞ்சின் அறைக்கு உத்தரவு சொல்ற டெலிகிராஃப் மணி அடிக்கும்; கீழ எஞ்சினியர் நீராவியை மூடி, கியரை மாத்தி, பின்னோக்கிச் சுத்தவிடுவார். அந்தச் சில நொடி தாமதத்தையும் கேப்டன் முன்கூட்டியே கணக்குல வச்சிருக்கணும். முதல்ல மெல்லிசான வீச்சுக் கயிறு கரைக்குப் போகும், அதைப் பிடிச்சு கப்பலைக் கட்டுற தடிச்ச வடம் போகும், வடத்தை இறுக்கிப் பின்பக்கத்தை உள்ள இழுப்பாங்க.

நீங்க கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு: இவ்வளவு வேகமா வந்து எப்படி நிக்குது? பலகையாலதான். ஒவ்வொரு சக்கரத்துலயும் எட்டு மரப்பலகை. ஆணி அடிச்ச மாதிரி நிக்காது, கீல்ல ஆடும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு தண்டு. எல்லாத் தண்டும் அச்சு மையத்துக்குக் கொஞ்சம் முன்னாடி இருக்கிற ஒரு முளையைச் சுத்தி வரும். அதனால பலகை தண்ணிக்குள்ள கத்தி மாதிரி இறங்கி, நிமிர்ந்து நின்னு தள்ளி, கத்தி மாதிரியே வெளிய வரும். ஆடாத பலகையா இருந்தா தட்டையா அறையும், வெளிய வரும்போது தண்ணியை வாரித் தூக்கும். நிறைய சக்தி அதுலயே போயிடும். அந்தப் பெரிய பரப்புதான் பின்னோக்கிச் சுத்தும்போது நல்ல பிரேக். மிதந்து வர்ற கட்டை சிக்கினா பலகை உடையும். உடையட்டும், மரம்தானே, மாத்திடலாம். தண்டு வளைஞ்சாதான் பெரிய வேலை.

இன்னொண்ணு. இறங்கணும்னு எல்லாரும் துறைப் பக்கமே போய் நின்னா கப்பல் சாயும். ஒரு சக்கரம் ஆழமா முங்கும், எதிர்ப்பக்கத்துது மேல வந்து நுரையை மட்டும் கிளப்பும். சுத்துற வேகம் ஒண்ணுதான், தள்ளுற பலம் வேற வேற, கப்பல் கோணும். பழைய துடுப்புக் கப்பல்கள்ல இதுக்காகவே சங்கிலி நிரப்பின தள்ளுவண்டிகளை மேல்தளத்துல வச்சிருப்பாங்க. கூட்டம் எந்தப் பக்கமோ, வண்டி அதுக்கு எதிர்ப்பக்கம் உருளும்.