ஒலிநாடாவின் நோய்க்கு மருந்து கொடுப்பது குற்றமா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

"பழைய நேரலைப் பதிவை ஆல்பமாக்கும்போது திருத்தலாமா, அப்படியே விடுவதா?" இதுதான் தலைப்பு. "அப்படியே விட்டால்தான் வரலாறு" என்று சொல்லிக் கைதட்டலும் வாங்கிவிட்டார் எதிரணித் தலைவர். எந்த 'அப்படியே' ஐயா?

சைக்கடெலிக் ராக், அதாவது மனமயக்க ராக் இசை, என்றதும் அவரே இழுத்துவந்த அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் குழுவையே எடுத்துக்கொள்வோம். 1977 மே 8, இதாகா நகரம், கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹால். பதிவு செய்தவர் பெட்டி கேன்டர்-ஜாக்சன். அவருடைய நாடாக்கள் பிற்பாடு கிடங்கிலிருந்து ஏலத்தில் போயின. அந்தக் கச்சேரி முறைப்படி ஆல்பமானது 2017-இல்தான். அதுவரை ரசிகர்கள் உருகியது பெரும்பாலும் கேசட்டுக்கு அடித்த படியில், படியின் படியில். ஒவ்வொரு படிக்கும் இரைச்சல் கூடும், வேகம் பிசகும். வேகம் நூற்றுக்கு ஒன்று பிசகினாலே சுருதி 17 சென்ட் நகரும். அரைச் சுரத்தில் ஆறில் ஒரு பங்கு! இதைக் குழுவின் கிட்டார் கலைஞர் கார்சியாவா வாசித்தார்? கேசட் டெக் வாசித்தது, நடுவர் அவர்களே.

மூல நாடாவிலும் வேகம் ஆடும். 2017 வெளியீட்டில் அதைச் சரிசெய்தது பிளான்ஜென்ட் முறை. பதிவாகும்போதே நாடாவில் 'பயாஸ்' என்ற உயர் அதிர்வெண்ணும் மங்கலாகப் பதியும், காதுக்கு எட்டாது. மோட்டார் தடுமாறிய இடத்தில் பயாஸும் தடுமாறியிருக்கும். அதைத் தனி ஹெட் (நாடாவைப் படிக்கும் முனை) வைத்துப் படித்து, அது நேராகும்வரை இசையையும் நேராக்குகிறார்கள். இதில் ஊகத்துக்கு வேலையில்லை. நாடாவே கொடுத்த வாக்குமூலம் அது.

அடுத்து, பிசுபிசுப்பு நோய். 1970களின் நடுவிலிருந்து வந்த பல நாடாக்களில் காந்தத் தூளைப் பிடித்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அப்படியே ஓட்டுங்கள் பார்ப்போம்! நாடா கிறீச்சிடும், ஹெட்டில் பழுப்பு மாவாக வரலாறு உதிரும். கால் அங்குல நாடா என்றால் சுமார் 54 டிகிரி செல்சியஸில் 8 மணி நேரம் சூடாக்கி, நன்றாக ஆறவிட்டு, சில வாரங்களுக்குள் படியெடுத்துவிட வேண்டும். நாள் போனால் மறுபடி ஒட்டும். பழைய அசிட்டேட் வகை நாடாவை மட்டும் சூட்டில் வைக்கவே கூடாது, சுருங்கிப் பாழாகும்.

ரீல் மாற்றும்போது பதிவாகாமல் போகும் இடைவெளி? பத்தரை அங்குல ரீலில் 2,500 அடி. வினாடிக்கு 15 அங்குலம் ஓடினால் 33 நிமிடம். இந்தக் குழு ரீலைப் பார்த்தா வாசித்தது? விட்டுப்போன துண்டை ரசிகர் பதிவிலிருந்து ஒட்டலாம். முதலில் வேகத்தைப் பொருத்தி, பிறகு தொனியைப் பொருத்தி, எங்கே ஒட்டினோம் என்று உறையில் அச்சிட்டு. அச்சிடாமல் ஒட்டினால் நானே எதிரணியில் போய் உட்காருவேன்.

1972-இன் ஐரோப்பியச் சுற்றுப்பயண ஆல்பத்தில் ஸ்டுடியோவில் குரலை மறுபடி பாடிச் சேர்த்தார்களே என்றார் எதிரணித் தலைவர். உண்மை. அது திருத்தமல்ல, மறுபாட்டு. அதற்கு நாங்கள் வக்காலத்து வாங்கவில்லை. கார்சியா வரியை மறந்தால் மறந்ததுதான்.

கடைசியாக ஒன்று. ஓட்டுமுன் ஹெட்டின் சாய்வை அந்த நாடாவுக்கே பொருத்த வேண்டும். இரண்டு சேனலையும் மோனோவாகச் சேர்த்து, டிரம்ஸின் உலோகத் தட்டான சிம்பலின் ஒலி பளிச்சென்று வரும்வரை சின்னத் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்புவார்கள். பிசகினால் உயர் ஒலி மங்கிவிடும்.

மணி அடித்துவிட்டீர்கள். 'அப்படியே' கேட்பதற்கு அந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்புவார் என்று எதிரணித் தலைவர் சொல்லட்டும். நான் உட்கார்ந்து கேட்கிறேன்.