காம்பு கைக்கு அடங்கணும்

கோவை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

மம்பட்டிக்குக் காம்பு வாங்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். தகட்டைத் தட்டிப் பார்ப்பதெல்லாம் ஒரு நிமிடம்தான். காம்பைத்தான் திருப்பித் திருப்பிப் பிடித்துப் பார்ப்பார்கள். பருமன் கூடினால் மத்தியானத்துக்குள் உள்ளங்கை கன்றிப் போகும், மெலிந்தால் பிடி நிற்காது. என் அப்பா பத்துக் காம்பை எடுத்தால் ஒன்பதைத் திருப்பி வைத்துவிடுவார்.

நான் முப்பது வருடமாக மெல்லிசைக் குழுக்களில் எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறேன். பகலில் கிட்டார் பழுது பார்க்கிறேன். லட்ச ரூபாய்க்கு மேல் விலை போகிற கிட்டார் மேசைக்கு வரும்போதெல்லாம் அப்பா காம்பு பார்த்த விதம்தான் ஞாபகம் வரும். கேட்க வருகிற தம்பிகள் எல்லாரும் முதலில் சத்தத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது நெக்கை. இடது கை பிடித்துக்கொண்டே இருக்கிற கழுத்துப் பகுதி அது.

திருப்பூரில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பனியன் ஏற்றுமதிக்காரர் வீடு. அவருடைய மகன் வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு மூன்று கிட்டாரோடு வந்திருந்தார். ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஒன்று, கிப்சன் லெஸ் பால் ஒன்று, பி.ஆர்.எஸ். ஒன்று. மூன்றும் அமெரிக்கக் கம்பெனிகள். முதல் இரண்டும் பழைய அளவுப்படியே இப்போது செய்தவை. ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954-இல் வந்த மாதிரி, லெஸ் பால் 1952-இல் வந்தது. பி.ஆர்.எஸ். கம்பெனி பிறகு 1985-இல் தொடங்கியது. ஆம்ப்ளிஃபயரை இணைத்து உட்காரவும் கரண்ட் போனது. ஜெனரேட்டரும் கிளம்பவில்லை. சாயங்காலம் ஏழு மணி, கும்மிருட்டு. அந்தத் தம்பிக்கு வருத்தம். நான், "பரவாயில்லைங்க தம்பி, அப்படியே ஒவ்வொன்றாகக் கொடுங்க" என்றேன். ஒரு மணி நேரம் இருட்டில் மூன்றையும் மாற்றி மாற்றி வாசித்தேன். கிட்டாரைப் பற்றி அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துகொண்ட அளவுக்கு வேறெந்த நாளிலும் தெரிந்துகொண்டதில்லை.

லெஸ் பால் தொடையில் வைத்ததுமே தெரிந்துவிட்டது, கனம். நாலு கிலோவுக்குக் குறையாது. நெக் பருத்து, உள்ளங்கையை நிறைத்தது. ஸ்ட்ராட்டோகாஸ்டரின் உடம்பு, வயிறு படுகிற இடத்திலும் முழங்கை படுகிற இடத்திலும் சீவி விட்டிருக்கும், சட்டை போட்ட மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஆனால் அதன் நெக்கில் விரல் ஓடுகிற பலகைக்கு வளைவு அதிகம். இந்த வளைவைப் படம் போடாமலே சொல்லலாம். ஒரு குடத்தின் விலாவைத் தடவிப் பாருங்கள், வளைவு நன்றாகத் தெரியும். 200 லிட்டர் தண்ணீர் டிரம்மைத் தடவினால் கிட்டத்தட்டச் சமமாக இருக்கும். பழைய ஃபெண்டரின் வளைவு ஏழேகால் அங்குல ஆரம், அது குடம். கிப்சன் 12 அங்குல ஆரம், ஏறக்குறைய அந்த டிரம். பி.ஆர்.எஸ். 10 அங்குலம், இரண்டுக்கும் நடுவே.

குடம் மாதிரி வளைந்திருந்தால் கார்டு, அதாவது பல ஸ்வரங்களை ஒன்றாகச் சேர்த்துப் பிடிக்க விரல்களுக்குச் சுகம். ஆனால் நம் பாட்டுக்குக் கமகம் வேண்டும். கமகத்துக்குக் கம்பியை மேலே தள்ளி இழுக்க வேண்டும். அந்த வளைவில் மேல் ஸ்தாயியில் கம்பியை இழுத்தால், அடுத்த ஃபிரெட்டில், அதாவது பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கட்டில், உரசி ஸ்வரம் பாதியில் செத்துப்போகும். டிரம் வளைவில் அந்தத் தொல்லை குறைவு.

இன்னொன்று, கம்பியின் நீளம். ஃபெண்டரில் கம்பி அதிர்கிற நீளம் இருபத்தைந்தரை அங்குலம். கிப்சனில் இருபத்தி நாலே முக்கால் என்று சொல்வார்கள். பி.ஆர்.எஸ். 25. முக்கால் அங்குலத்தில் என்ன வந்துவிடும் என்று கேட்பீர்கள். அதே கம்பி, அதே சுருதி என்றால் கிப்சனில் இழுவிசை ஏறக்குறைய 6 விழுக்காடு குறையும். அன்று இருட்டில் என் மோதிர விரலுக்கு அது உடனே தெரிந்தது. லெஸ் பாலில் கம்பி கெஞ்சாமல் வந்தது. ஃபெண்டரில் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அந்த மல்லுக்கட்டில்தான் அதன் மணி போன்ற தெறிப்பும் இருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும்.

இப்போது மெல்லிய நெக்குக்கு மவுசு. ஐபனேஸ் என்ற ஜப்பான் கம்பெனியின் விசர்ட் நெக் போன்றவை முதல் ஃபிரெட்டில் 19 மில்லிமீட்டர்தான் இருக்கும். பழைய லெஸ் பால் அதைவிட மூன்று, நாலு மில்லிமீட்டர் தடிமன். வேகமாக ஓட்ட மெல்லியது நல்லது, மறுக்கவில்லை. ஆனால் கோபி பக்கம் மாரியம்மன் நோம்பிக்கு இரவு ஒன்பது மணிக்கு ஏறினால் இறங்க ஒரு மணி ஆகும். அந்த நாலு மணி நேரமும் மெல்லிய நெக்கைக் கட்டை விரல் கிள்ளிப் பிடித்தபடியே இருக்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் கட்டை விரலடி கடுக்க ஆரம்பிக்கும். பருத்த நெக்கில் உள்ளங்கை சாய்ந்துகொள்ள இடம் இருக்கிறது. திரும்பவும் அதே மம்பட்டிக் காம்புதான் நேயர்களே. விரல் சின்னதாக இருப்பவர்களுக்கு மெல்லிய நெக்தான் சரி என்று கடையில் சொல்வார்கள். நம்பிவிடாதீர்கள், பிடித்துப் பாருங்கள்.

நெக்கின் பூச்சும் முக்கியம். பளபளப்பாக வார்னிஷ் அடித்த நெக், சித்திரை மாத வியர்வையில் கையில் ஒட்டும். எண்ணெய் தடவித் தேய்த்து விட்ட நெக், பழகின காம்பு மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். அந்த விரல் ஓடும் கறுத்த பலகை இருக்கிறதே, விலை உயர்ந்த எத்தனையோ கிட்டார்களில் அது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம். நம் பாட்டி வீட்டுக் கட்டிலும் அலமாரியும் செய்த அதே மரம். பலகையைச் சுரண்டும்போது மெல்லிய இனிப்பு வாசம் கிளம்பும், ஆனைமலை அடிவார மரக்கடை ஞாபகம் வரும். 2017 ஜனவரியில் ஈட்டி இன மரங்கள் எல்லாவற்றின் மீதும் உலக அளவில் வணிகக் கட்டுப்பாடு வந்தது. 2019 கடைசியில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள்.

சரி, சத்தத்துக்கு வருகிறேன். கிட்டார் கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புவது பிக்கப். அது காந்தத்தைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருள். மோட்டார் ஊரில் இருக்கிற நமக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒருமுறை என் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் ஒரு பிக்கப் செத்துவிட்டது. ஆவாரம்பாளையத்தில் மோட்டார் காயில் கட்டும் ஒரு பெரியவரிடம் கொண்டு போனேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உற்றுப் பார்த்தார். "ஏங்கண்ணு, வேலை நம்ம காயிலாட்டந்தான் இருக்குது. கம்பி மட்டும் சிலந்தி நூலாட்ட இருக்குதே" என்றார். அமெரிக்க அளவில் 42 கேஜ், 0.06 மில்லிமீட்டர் சொச்சம். எட்டாயிரம் சுற்றுக்குப் பக்கத்தில் போக வேண்டும். முதல் தடவை இரண்டாயிரத்தில் அறுந்தது, அடுத்த தடவை ஐயாயிரத்தில். மூன்றாவது முறை மூச்சை அடக்கிக்கொண்டு விரல் நுனியால் கம்பியை நடத்தினார். 7,400-இல், "போதுங் கண்ணு, இதுக்கு மேல ஆசப்படக் கூடாது" என்று நிறுத்தினார். சுற்றுக் குறைந்ததால் சத்தம் கொஞ்சம் மெலிந்து பளிச்சென்று வந்தது. இன்றைக்கும் அதில்தான் வாசிக்கிறேன்.

இதனால்தான் நெக்கை முதலில் பாருங்கள் என்கிறேன். பிக்கப்பைத் திரும்பச் சுற்றலாம், மாற்றலாம். ஃபெண்டரில் நாலு திருகைக் கழற்றி வேறு நெக்கும் போடலாம், ஆனால் கிப்சனில் நெக்கை ஒட்டியிருப்பார்கள். சீவி மெலிய வைக்கலாம், சீவியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

ஒற்றைச் சுருள் பிக்கப், மேடையில் சீரியல் செட் எரிந்தால் உம்மென்று இரையும். இரட்டைச் சுருளில் ஒன்றின் இரைச்சலை மற்றொன்று அடித்துவிடும். கிப்சனில் செத் லவர் என்ற பொறியாளர் செய்தது, லெஸ் பாலில் 1957-இல் வந்தது. அதன் சத்தம் தடித்து, குழைந்து இருக்கும்.

நிலைய நண்பர் இரண்டு விரலைக் காட்டுகிறார், இரண்டு நிமிடம். உடம்பு மரத்தைப் பற்றியும் ஆம்ப்ளிஃபயரைப் பற்றியும் நிறையக் குறித்து வந்தேன். ஒரே ஒரு வார்த்தை சொல்கிறேன், மரத்தைவிட ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் சத்தத்தை அதிகம் மாற்றும். அப்புறம், மாசி பங்குனியில் காற்று காயும்போது நெக் மரம் சுருங்கி ஃபிரெட் முனைகள் ஓரத்தில் துருத்தும், விரலைக் கீறும். கிட்டார் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், முனையை அரம் வைத்துத் தேய்த்துக் கொடுப்பார்கள். ஆனியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈரத்தோடு வரும்போது மரம் மறுபடி கொஞ்சம் ஊறும், அதனால் அளவாகத் தேய்க்கச் சொல்லுங்கள்.

கடைக்குப் போனால் ஆம்ப்ளிஃபயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பட்டையை மாட்டிக்கொண்டு, நின்றபடி, கண்ணை மூடிக் கால் மணி நேரம் வாசியுங்கள். வணக்கம்.