விமான நிறுவனங்கள் இணையும்போது முதலீட்டாளரின் பங்கு எங்கே நிற்கிறது?

[திரையில்: திருவனந்தபுரம் விமான நிலையத்தின் புறப்பாட்டுப் பலகை]

வணக்கம். குமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. ஆனால் விமானத்தைப் பற்றிய பேச்சுக்கு இங்கே பஞ்சமும் கிடையாது. வளைகுடாவுக்குப் போகும் ஒருவரை வழியனுப்பக் களியக்காவிளையைத் தாண்டித் திருவனந்தபுரம் வரை ஒரே காரில் ஏழு பேர் நெருக்கியடித்துப் போகிற ஊர் இது. 2024 நவம்பர் 12 அன்று விஸ்தாரா என்ற விமான நிறுவனம் ஏர் இந்தியாவோடு இணைந்தபோது, மார்த்தாண்டத்தில் ரப்பர் ஷீட் வியாபாரம் செய்யும் என் மாமா தொலைபேசியில் கேட்டது டிக்கெட்டைப் பற்றியல்ல. "மக்கா, விஸ்தாரா பங்கு இப்ப எவ்வளவுக்கு நிக்குது?" என்றுதான் கேட்டார்.

அப்படி ஒரு பங்கு சந்தையில் இருந்ததே இல்லை. விஸ்தாராவில் டாடா சன்ஸ் 51 சதவீதமும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 49 சதவீதமும் வைத்திருந்தன. பொதுமக்களுக்கு ஒரு பங்குகூட விற்கப்படவில்லை. ஏர் இந்தியாவின் நிலையும் அதுவே. டாடா என்ற பெயரைப் பார்த்து டிசிஎஸ் பங்கையோ டாடா ஸ்டீல் பங்கையோ வாங்குகிறவர், மென்பொருளையும் எஃகையும் வாங்குகிறாரே தவிர விமானத்தை வாங்கவில்லை. ஏர் இந்தியா இருப்பது, பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத டாடா சன்ஸின் கையில்.

[திரையில்: 49 சதவீதம் + 2,058.5 கோடி ரூபாய் = 25.1 சதவீதம்]

இந்த இணைப்பில் சந்தை வழியாக நுழைய ஒரே கதவு, சிங்கப்பூரில் பட்டியலிடப்பட்ட சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பங்குதான். அந்த நிறுவனம் தன்னிடமிருந்த விஸ்தாராவின் 49 சதவீதத்தையும், அதோடு 2,058.5 கோடி ரூபாய் ரொக்கத்தையும் கொடுத்து, பெரிதாகிய ஏர் இந்தியாவில் 25.1 சதவீதத்தைப் பெற்றது. அதன் விளைவு கணக்கில் இரண்டு விதமாகத் தெரிந்தது. 2025 மார்ச்சில் முடிந்த ஆண்டில் லாபம் ஏறத்தாழ 278 கோடி சிங்கப்பூர் டாலர் என்று அறிவிக்கப்பட்டது. அதில் சுமார் 110 கோடி, இந்த இணைப்பால் ஒருமுறை மட்டும் பதிவான கணக்கு லாபம். நிலத்தின் மதிப்பு ஏறிவிட்டதாகப் பத்திரத்தில் எழுதிக்கொள்வதைப் போன்றது அது. களத்துக்கு நெல் வந்துவிடவில்லை. அடுத்து வந்த ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான அரையாண்டில் லாபம் 23.9 கோடி சிங்கப்பூர் டாலராக, அதாவது முந்தைய ஆண்டின் அதே காலத்தில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே, சரிந்தது. வட்டி வருமானம் குறைந்தது ஒரு காரணம். ஏர் இந்தியாவின் நஷ்டத்தில் தனக்குரிய பங்கையும் இனிமேல் தன் கணக்கில் காட்ட வேண்டியிருந்தது மற்றொரு காரணம். இணைப்புச் செய்தியின் முதல் ஆண்டு லாபத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறவர்கள் சறுக்கும் இடம் இதுதான் என்பது என் கருத்து.

[திரையில்: குளச்சல் கடற்கரையில் மீன் ஏலம்]

அடுத்தது கடன். குளச்சலில் கரையேறிய மீன் ஏலம் போனதும் பணம் உடனே பங்காகப் பிரிந்துவிடாது. டீசல், ஐஸ், முன்பணம் எல்லாம் கழிந்த பிறகு மிஞ்சுவதுதான் பங்கு. நிறுவனப் பங்கும் அப்படியே. ஜெட் ஏர்வேஸ் 2007இல் ஏர் சஹாராவை 1,450 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அதே ஆண்டில் கிங்ஃபிஷர், ஏர் டெக்கானின் பங்குகளைக் கைப்பற்றி, பின்னர் அதனோடு இணைந்தது. இரண்டுமே அன்று கொண்டாடப்பட்ட செய்திகள். கிங்ஃபிஷர் 2012 அக்டோபரிலும் ஜெட் 2019 ஏப்ரலிலும் பறப்பதை நிறுத்தின. 2024 நவம்பரில் ஜெட்டைக் கலைத்துச் சொத்துகளை விற்க உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அப்படி விற்று வரும் பணத்துக்கான வரிசையில் வங்கிகளும் ஊழியர்களும் முன்னே நிற்க, சாதாரணப் பங்குதாரர் கடைசியில்தான் நிற்கிறார். வாங்கிய நிறுவனத்தின் தலையில் ஏறிய கடன் மட்டுமே வீழ்ச்சிக்குக் காரணமென்று சொல்ல மாட்டேன். எரிபொருள் விலையும் கட்டணப் போட்டியும் சேர்ந்தே அழுத்தின. என்றாலும் மெலிந்த லாபத்தில் ஓடும் தொழிலுக்கு அந்தச் சுமை பெரிது.

இணைப்பு நடக்காமலே போவதும் உண்டு. அமெரிக்காவில் ஸ்பிரிட் என்ற விமான நிறுவனத்தை 380 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்க, இன்னொரு விமான நிறுவனமான ஜெட்புளூ போட்டிருந்த ஒப்பந்தத்தை, போட்டி குறைந்து பயணிகள் பாதிக்கப்படுவர் என்று 2024 ஜனவரியில் ஒரு நீதிபதி தடுத்தார். அன்று ஒரே நாளில் ஸ்பிரிட் பங்கு ஏறத்தாழ பாதியாகியது. நவம்பரில் அந்த நிறுவனம், கடன்காரர்களிடமிருந்து காக்கும்படி நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்புக் கோரியது. வாங்குவதாக அறிவித்த விலைக்கும் பங்கின் சந்தை விலைக்கும் இடையே பெரிய இடைவெளி நீடித்தால், ஒப்பந்தம் நிறைவேறுமா என்று சந்தை சந்தேகப்படுகிறது என்று பொருள். அதை மலிவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

போட்டி குறைவதால் கட்டணத்தை ஏற்றும் வலிமை, இணைப்பில் கலந்துகொள்ளாத போட்டியாளருக்கும் கிடைக்கிறது. உள்நாட்டுச் சந்தையில் 60 சதவீதத்துக்கும் மேல் வைத்திருக்கும் இண்டிகோ அதற்குக் கண்முன்னே இருக்கும் உதாரணம்.

[திரையில்: 25 பங்குக்கு 42 பங்கு]

உங்களிடம் உள்ள பங்கே இணைப்பில் போனால் என்ன ஆகும்? விமானத் துறைக்கு வெளியே ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். 2023 ஜூலையில் வீட்டுக்கடன் நிறுவனமான எச்டிஎஃப்சி, எச்டிஎஃப்சி வங்கியோடு இணைந்தபோது, 25 பங்குக்கு 42 வங்கிப் பங்கு என்பது மாற்று விகிதம். மாமாவிடம் 40 பங்குகள் இருந்தன, கணக்குப்படி 67.2 வர வேண்டும். 67 பங்குகள், பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டிமேட் கணக்கில் தாமாகவே வந்து சேர்ந்தன, மிச்ச 0.2 பணமாக வந்தது. இந்திய நிறுவனங்களுக்குள் நடக்கும் இத்தகைய மாற்றத்தைப் பொதுவாக வருமான வரிச் சட்டம் விற்பனையாகக் கருதுவதில்லை. பின்னாளில் விற்கும்போது பழைய பங்கை வாங்கிய நாளும் விலையுமே கணக்கில் எடுக்கப்படும். அதனால்தான் மாமா, 40 பங்கு வாங்கிய நாளில் தரகர் கொடுத்த ரசீதான காண்ட்ராக்ட் நோட்டை இன்றும் ரப்பர் ஷீட் பில் புத்தகத்தின் அட்டைக்குள் மடித்து வைத்திருக்கிறார்.