ஒரே பேர்ல ரெண்டு நியாயம்! கோடுல சுருக்கப் பேர் வைக்கிறது எப்படி?

[திரையில்: எக்ஸ்எம்எல் – ஹெச்டிடிபி – ரிக்வெஸ்ட்]

எக்ஸ்எம்எல், ஹெச்டிடிபி மாதிரி முதலெழுத்துச் சுருக்கம் கோடுல ஒரு பேருக்குள்ள வந்தா, எந்த எழுத்து கேப்பிடல், எது ஸ்மால்? இந்த ஜாவாஸ்கிரிப்ட் பேரை உத்துப் பாருங்க. எக்ஸ்எம்எல்ல மூணு எழுத்தும் கேப்பிடல். ஒட்டி நிக்கிற ஹெச்டிடிபில ஹெச் மட்டும் கேப்பிடல், மீதி மூணும் ஸ்மால். ஒரே பந்தியில ஒருத்தருக்குத் தலைவாழை இலை, அடுத்தவருக்குப் பேப்பர் பிளேட்டு! ஜாவாக்காரங்க சிரிக்காதீங்க. உங்க ஹெச்டிடிபி-யூஆர்எல்-கனெக்‌ஷன்லயும் ஹெச்டிடிபிக்கு பேப்பர் பிளேட்டுதான், யூஆர்எல்லுக்கு வாழை இலை.

விதிகளை வேகமா பார்த்துடலாம். பைத்தானோட நடை வழிகாட்டி பெப் 8, கிளாஸ் பேர்ல வர்ற சுருக்கத்தை முழுக்க கேப்பிடல்ல போடச் சொல்லுது. கோ மொழியில முழுக்க கேப்பிடல், இல்லன்னா முழுக்க ஸ்மால். ரஸ்ட்ல முதல் எழுத்து மட்டும். டாட்நெட்ல கிளாஸ் பேருக்கு ரெண்டெழுத்துன்னா ரெண்டும் கேப்பிடல், மூணும் அதுக்கு மேலயும்னா முதல் எழுத்து மட்டும். (ஐடி மட்டும் விலக்கு. அது ஐடென்டிஃபையரோட குறுக்கம், அதனால டி ஸ்மால்.)

இது வெறும் அழகுப் பிரச்சனைன்னு நினைக்கிறீங்களா? இந்தப் பேரைப் படிங்க.

[திரையில்: ஹெச் டி டி பி எஸ் ஐ டி, எல்லாம் கேப்பிடல், இடைவெளி இல்லாம]

ஹெச்டிடிபிஎஸ், ஐடி? இல்ல ஹெச்டிடிபி, எஸ்ஐடி? வீடியோவை நிறுத்திட்டு கமென்ட்ல சொல்லுங்க. மனுஷனுக்கே இந்தக் கதின்னா கருவி என்ன பண்ணும்? கேமல் கேஸ்ல (சொற்களை ஒட்டி, புதுச் சொல்லைக் கேப்பிடல்ல தொடங்குற முறை) இருந்து ஸ்நேக் கேஸுக்கு (எல்லாம் ஸ்மால், நடுவுல அண்டர்ஸ்கோர்) மாத்துறப்ப, ஒவ்வொரு கேப்பிடலுக்கு முன்னாடியும் அண்டர்ஸ்கோர் போடுற ரெஜெக்ஸ், அதாவது எழுத்து வடிவத்தைத் தேடுற விதி, எழுதினா, ஐயும் டியும் கேப்பிடலா இருக்கிற யூசர்ஐடி 'யூசர்_ஐ_டி' ஆயிடும். டேட்டாபேஸ்ல அந்தப் பேர்ல ஒரு காலமே, அதாவது நெடுவரிசையே, இருக்காது.

அந்த ரெஜெக்ஸை ரெண்டு படியா எழுதுங்க. முதல்ல, கேப்பிடல் வரிசைக்கு அப்புறம் ஒரு கேப்பிடலும் ஸ்மாலும் சேர்ந்து வந்தா, அந்தக் கடைசி கேப்பிடலுக்கு முன்னாடி வெட்டு. அடுத்து, ஸ்மாலோ எண்ணோ முடிஞ்சு கேப்பிடல் தொடங்குற இடத்துல வெட்டு. ஹெச்டிஎம்எல்பார்சர் சரியா பிரியும். ஆனா ரெண்டு சுருக்கம் முழு கேப்பிடல்ல ஒட்டி வந்தா இதுவும் கைவிரிச்சிடும். அதனாலதான் சொல்றேன், உங்க மொழி தடுக்கலன்னா முதல் எழுத்து மட்டும் கேப்பிடல். கோ எழுதுறவங்க அங்க ஊர் வழக்கப்படியே போங்க, வம்பு வேணாம்.

பழைய ஃபைல் பேரைத் திருத்தப் போறீங்களா? விண்டோஸ்லயும் மேக்லயும் கேப்பிடலை ஸ்மாலா, ஸ்மாலை கேப்பிடலா மட்டும் மாத்தினா, கோடு மாற்றங்களைப் பதிவு பண்ற கிட் கண்டுக்காம விட்டுடலாம். உங்க மெஷின்ல ஓடும், லினக்ஸ் சர்வர்ல 'ஃபைல் இல்ல'ன்னு விழும். பேர் மாத்துற கிட் எம்வி கட்டளையில முதல்ல ஒரு தற்காலிகப் பேர், அப்புறம் சரியான பேர், கடைசியா ஒரே கமிட், அதாவது ஒரே பதிவு.