காசு கையில் இருக்கிறது, விலையை எப்படிப் பேசுவது?

நேயர்களுக்கு வணக்கம்.

வங்கியொன்றில் வீட்டுக் கடன் பகுதியில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். கடன் எடுக்காமல், முழுக் காசையும் கொடுத்து வீடு வாங்குகிறவர்கள் விலையை எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லும்படி கேட்டிருக்கிறார்கள். வங்கிக்காரன் என்ற முறையில் ஒன்றை நன்றாகக் கண்டிருக்கிறேன். ஒரு வீட்டுக்குக் கடன் கொடுக்க முன்னர் வங்கி பார்க்கிற எல்லாவற்றையும், கைக்காசு கொடுத்து வாங்குகிறவர் பெரும்பாலும் பார்க்காமல் விடுகிறார். விலைப் பேச்சில் அவர் தோற்பதும் அங்கேதான்.

முதலில், யாரோடு பேசுகிறோம் என்பதைப் பார்ப்போம். நம்முடைய கிழக்கிலங்கைப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. மட்டக்களப்பிலும், கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று அம்பாறைக் கரையோரத்திலும், தமிழர் முஸ்லிம் என்ற பேதமில்லாமல், மகளுக்கு ஒரு வீட்டைக் கட்டிச் சீதனமாக எழுதிக் கொடுப்பதும் மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பதும்தான் வழக்கம். அதனால் விலைக்கு வரும் வீடு அநேகமாக ஒரு பெண்ணின் பெயரில் இருக்கும். பேச வருவது அவருடைய தகப்பன், தாய்மாமன், கணவர், அல்லது தரகர். நான்கு பேர் கதிரையில் இருந்து விலை பேசுவார்கள்; உரிமைக்காரி உள்ளே தேநீர் ஊற்றிக்கொண்டிருப்பார். மனைவி காணி விற்கக் கணவரின் சம்மதம் கேட்கும் யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டம் நம்முடைய ஆட்களுக்குப் பொருந்தாது. கணவரின் சம்மதக் கையெழுத்து இல்லாமலே தன் பெயரிலுள்ள வீட்டை விற்க அவருக்கு முழு உரிமை உண்டு. அப்படியென்றால் நீங்கள் சொல்லும் விலையும் திகதியும் அவருடைய காதில் நேரே விழ வேண்டும். வேறு வாய்களால் போனால் தொகை மாறிப் போகும், காரணம் தொலைந்து போகும். கடைசி நாளில் "நான் இதுக்கு ஓமெண்டு சொல்லயில்லையே" என்று அவர் சொன்னால், அவரைக் குறை சொல்ல முடியாது.

சீதன வீட்டை ஒருவரும் இலேசில் விற்பதில்லை. வெளிநாட்டுப் பயணம், இளைய மகளுக்கு வீடு கட்டுவது, பெரிய வைத்தியச் செலவு, கழுத்தை நெரிக்கும் கடன் என்று ஏதோ ஒன்று பின்னால் இருக்கும். அந்தக் காரணத்தை மரியாதையோடு கேட்டு அறிந்துகொள்ளுங்கள். அடித்துப் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. கைக்காசுக்காரர் கொடுக்கக்கூடிய பெரிய பொருள் நிச்சயம். வங்கிக் கடனோடு வருகிறவர் மதிப்பீட்டாளர் வர வேண்டும், சட்டத்தரணி அறிக்கை கொடுக்க வேண்டும், தலைமையகம் அனுமதிக்க வேண்டும் என்று வாரக் கணக்கில் காத்திருப்பார். கடைசியில் கடன் கிடைக்காமலும் போகலாம். நீங்கள் "இந்தத் திகதிக்கு முழுக் காசும் தருகிறேன்" என்று சொல்லலாம். ஆனால் அவருக்கு எந்தத் திகதி வேண்டும் என்று தெரியாமல் அதைச் சொல்லி என்ன பயன்?

கல்லடிப் பக்கம் நான் அறிந்த ஒரு விற்பனையில் இரண்டு பேர் விலை கேட்டிருந்தார்கள். கூடுதலாகக் கேட்டவர் அடுத்த மாதமே வீட்டைக் காலி செய்து தரச் சொன்னார். மற்றவர் அந்த அம்மாவிடம், "எப்ப வீட்ட விட்டா உங்களுக்கு வசதியா இருக்கும் அக்கா?" என்று கேட்டார். மகன் சாதாரண தரப் பரீட்சை எழுதி முடிய வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே கவலை. "பரீட்சை முடியும்வரை இருங்க, வாடகை வேண்டாம்" என்றார் வந்தவர். குறைந்த விலைக்கு அந்த வீடு அவருக்கே கிடைத்தது. இரண்டு குடும்பமும் இன்றைக்கும் நல்ல உறவாக இருக்கிறார்கள்.

சரி, இப்போது கடதாசிப் பக்கம் வருவோம். விலையைப் பற்றி வாய் திறக்க முன்னர் செய்ய வேண்டிய வேலை இது.

உறுதியின் பிரதியைக் கேட்டு வாங்கி, உங்களுக்கென்று ஒரு நொத்தாரிசை, அதாவது உறுதி எழுதும் சட்டத்தரணியை வைத்து, காணிப் பதிவகத்தில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். வங்கிகள் வழக்கமாக 30 வருடத்து உரித்து வரலாறு கேட்கும். நீங்களும் அதையே கேளுங்கள். ஈடு இருக்கிறதா, வழக்குப் பதிந்திருக்கிறதா, தாய் தகப்பன் சீவிய உரித்தை வைத்துக்கொண்டு மகளுக்கு எழுதியிருக்கிறார்களா என்பதெல்லாம் அங்கே தெரியும். சீவிய உரித்து இருந்தால் அவர்களும் வந்து கையெழுத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் இருக்கும் உரிமை அவர்களுடையது.

காணி உறுதிக் காணியா, அனுமதிப் பத்திரக் காணியா, அளிப்புப் பத்திரக் காணியா என்பதும் தலையாய கேள்வி. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப் பத்திரத்திலோ அளிப்புப் பத்திரத்திலோ அரசு கொடுத்த காணியைப் பிரதேச செயலாளரின் முன் அனுமதியில்லாமல் விற்க முடியாது. அம்பாறையிலும், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலும் அப்படிப்பட்ட காணிகள் ஏராளம். வெள்ளைக் கடதாசியில் எழுதி, கிராம சேவகருக்குத் தெரியும் என்று சொல்லிக் கைமாறுவதைப் பார்த்திருக்கிறேன். கடதாசி எவ்வளவு அழகாக இருந்தாலும் உரித்து அசையவில்லை. அதற்குக் காசு கொடுக்காதீர்கள். பாதி விலைக்குத் தந்தாலும் கொடுக்காதீர்கள்.

உரிமையாளர் வெளிநாட்டில் இருந்து, அவருக்காகக் கையெழுத்திடும் அதிகாரமான அற்றோணித் தத்துவம் வைத்திருப்பவர் விற்க வருவது இங்கே அடிக்கடி நடக்கிறது. தத்துவம் கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்த அற்றோணியும் அதோடு முடிந்துவிடும். அதனால் வீடியோ அழைப்பில் உரிமையாளரின் முகத்தைப் பார்த்து, விலையையும் அவருடைய வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். உண்மையாக விற்பவர் இதற்குக் கோபிக்க மாட்டார்.

இப்போது நான் முக்கியமென்று நினைக்கும் இடத்துக்கு வருகிறேன். சில வீடுகளுக்கு வங்கி கடன் கொடுக்காது, அல்லது தயங்கும். அண்மையில் எழுதிய நன்கொடை உறுதி, பிரிபடாத பங்கு, அனுமதி பெறாமல் கட்டிய மேல்மாடி, பழைய நில அளவைப் படம் என்று காரணங்கள் பல. அப்படியான வீட்டைக் கைக்காசுக்காரர் மட்டும்தான் வாங்க முடியும். வாங்கக்கூடியவர்கள் குறைவு என்பதால் விலையும் இறங்கத்தான் வேண்டும். இதை விற்பவருக்கும் தரகருக்கும் நேர்மையாக எடுத்துச் சொல்லலாம். ஆனால் அந்தக் குறையோடுதான் நாளைக்கு நீங்களும் விற்கப் போகிறீர்கள் என்பதை மறக்கக் கூடாது.

ஆகவே திருத்தக்கூடிய குறை எது, திருத்த முடியாத குறை எது என்று பிரித்துப் பாருங்கள். புதிய நில அளவைப் படம் எடுப்பது காசும் சில வாரமும். சோலை வரி நிலுவை இருந்தால் மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ கட்டித் தீர்க்கலாம். மேல்மாடிக்குப் பின்னர் அனுமதி கிடைக்குமா என்பதை அதே சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கேட்டுவிட்டுப் பேசுங்கள். திருத்துவதற்கு ஆகும் செலவை விலையில் கழிப்பது நியாயம். ஆனால் ஐந்து சகோதரருக்குப் பிரிபடாத பங்கு, அதில் இரண்டு பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாது என்றால், அது விலையால் தீரும் குறையில்லை. பாகப் பிரிவினை வழக்கு முடிய எத்தனை வருடம் எடுக்கும் என்று நீதிமன்ற வாசலில் நிற்பவர்களைக் கேளுங்கள்.

அப்புறம் வீடு. கோடையில் பார்த்தால் எல்லா வளவும் அழகுதான். கார்த்திகை, மார்கழியில் ஒருமுறை போய்ப் பாருங்கள். முடியாவிட்டால் 2011 ஜனவரி வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். சுவரில் தொட்டுக் காட்டுவார்கள். கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கிற நிலத்தில் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்க்காமல் விலை சொல்லக் கூடாது. கடற்கரைப் பக்கத்து வீடுகளில் தூணையும் சன்ஷேட்டின் அடிப்பக்கத்தையும் நன்றாகப் பாருங்கள். உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்துக் கொங்கிரீட் வெடித்திருந்தால், மேலே பூசிய புதுப் பெயின்ற் அதை மறைக்கும். ஓட்டுக் கூரையென்றால் மரத்தில் கறையான் இருக்கிறதா என்று ஒரு தச்சரைக் கூட்டிப் போய்த் தட்டிப் பாருங்கள். உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீட்டர்வரை கரையோர வலயம். அதற்குள் புதிதாகக் கட்டவோ பெருப்பிக்கவோ கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமியைக் கண்ட, கல்லடிப் பக்கத்து நாவலடிக்கும் திருச்செந்தூருக்கும் இதை நான் விளக்கத் தேவையில்லை.

இவ்வளவும் கையில் இருந்தால் விலைப் பேச்சு சுருக்கமாக முடியும். "கொஞ்சம் குறையுங்க" என்று கேட்பவருக்குக் கொஞ்சம்தான் குறையும். கூரைக்கு இவ்வளவு, நில அளவைக்கு இவ்வளவு, அதே ஒழுங்கையில் அண்மையில் ஒரு பேர்ச் போன விலை இவ்வளவு என்று கணக்கோடு ஒரு தொகையைச் சொல்லி, பக்கத்திலேயே ஒரு திகதியையும் சொல்லுங்கள். சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். வீட்டார் தங்களுக்குள் கதைக்க ஓரிரு நாள் கொடுங்கள். "காசு லண்டனில் இருந்து வருது" என்ற கதையை மட்டும் முதல் நாளே அவிழ்க்காதீர்கள். வெளிநாட்டுக் காசு என்று கேட்டதுமே விலை ஏறிக்கொள்ளும். தரகர் இரண்டு பக்கமும் கூலி வாங்குவதுண்டு. ஆகவே உங்கள் உச்ச விலை உங்களுக்கு மட்டும் தெரிந்திருக்கட்டும்.

நெருக்கடியில் இருப்பவரை நெரிப்பது பாவம் என்று நான் மனதார நம்புகிறேன். சட்டத்திலும் அதற்கு ஒரு எல்லை உண்டு. நம் நாட்டில் நடைமுறையிலுள்ள உரோமன் டச்சுச் சட்டத்தின்படி, உண்மைப் பெறுமதியின் பாதிக்கும் குறைவாக விற்றவர், அந்த விற்பனையை நீக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்க இடமிருக்கிறது. அடிமாட்டு விலைக்கு வாங்கியவர் நிம்மதியாகத் தூங்க முடியாது.

விலை பொருந்தியதும் அச்சாரம் கொடுக்க எல்லோரும் அவசரப்படுவார்கள். 1840ஆம் ஆண்டிலிருந்து இந்த நாட்டில், காணி விற்பதும் விற்பதற்கு உடன்படுவதும் நொத்தாரிசின் முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுதிக் கையெழுத்திட்டால்தான் செல்லும். துண்டுக் கடதாசியில் முத்திரை ஒட்டி வாங்கிய பற்றுச்சீட்டை வைத்துக்கொண்டு "எனக்கே விற்க வேண்டும்" என்று ஒருவரைக் கட்டாயப்படுத்த முடியாது. விற்பனை உடன்படிக்கையை நொத்தாரிசிடம் எழுதி, பதிந்து, அதன் பிறகு அச்சாரத்தைக் கொடுங்கள். வீட்டைக் காலி செய்யும் திகதி, வாடகைக்கு இருப்பவர் இருந்தால் அவர் வெளியேறும் நாள், மின்சார, தண்ணீர்ப் பட்டியல் யார் கட்டுவது என்பதெல்லாம் அதிலேயே இருக்கட்டும்.

உறுதியில் விலையைக் குறைத்து எழுதலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதம், மேலுள்ளதற்கு 4 சதவீதம். ஒன்றரைக் கோடி ரூபாய் வீட்டுக்கு 5 இலட்சத்து 99 ஆயிரம். அதுவும் நொத்தாரிசுக் கட்டணமும் வாங்குபவரின் தலையில். பெரிய தொகைதான். அதை முதலே கணக்கில் சேர்த்து விலை பேச வேண்டும். குறைத்து எழுதினால், நாளைக்கு உரித்தில் பிழை வந்து வழக்குக்குப் போகும்போது உறுதியில் எழுதிய தொகைதான் உங்களுக்காகப் பேசும். மிகுதிக்கு நீங்கள் எதைக் காட்டுவீர்கள்?

கைக்காசு என்றவுடன் நோட்டுக் கட்டோடு போக வேண்டாம். வங்கியில் இருந்து விற்பவரின் பெயரில் வங்கி வரைவு எடுத்து, நொத்தாரிசின் முன்னால் கையெழுத்தாகும் அதே நேரத்தில் கொடுங்கள். காசு தனக்கு முன்னால் கொடுக்கப்பட்டதா என்பதை நொத்தாரிசு தன் அத்தாட்சியில் எழுதுவார்.

வெளிநாட்டில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இலங்கைக் குடியுரிமையை விட்டு வேறு நாட்டுக் குடியுரிமை மட்டும் வைத்திருப்பவர், 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தின்படி இங்கே காணியைத் தன் பெயரில் வாங்க முடியாது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர் வாங்கலாம். மருமகன் பெயரில் எழுதிவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்று தொடங்கினால், பிறகு அது மருமகனின் வீடு. இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்து, அது கிடைத்த பின்னர் விலை பேசத் தொடங்குங்கள்.

கையெழுத்தானதும் உறுதியைக் காணிப் பதிவகத்தில் உடனே பதியச் சொல்லுங்கள். 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரே காணியை இரண்டு பேருக்கு எழுதியிருந்தால், பெறுமதி கொடுத்து, வஞ்சகமில்லாமல் முதலில் பதிந்தவருடைய உறுதிதான் முன்னிற்கும். பதிவு இலக்கம் கிடைத்த பின்னர் உறுதியின் பிரதியோடு சபைக்குப் போய்ச் சோலை வரிப் பதிவில் பெயரை மாற்றுங்கள். மின்சாரக் கணக்கையும் தண்ணீர்க் கணக்கையும் அந்த வாரத்திலேயே மாற்றிவிடலாம்.

நன்றி. வணக்கம்.